கண்ணாடி அறையில் சொல்லாமல் விட்டது

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனியின் நடுவில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் வந்தால் அவர் அந்த அறையின் குளிருக்குள் உட்கார்ந்துகொண்டு, சுற்றிலும் முந்நூறு தையல் மிஷின்கள் ஓடுவதை ஒரு சத்தமும் கேட்காமல் பார்க்கலாம். பையர் வராத நாட்களில் பதவி உயர்வுக்கான இன்டர்வியூ அதே அறையில்தான் நடக்கும். அப்போது உள்ளே நிற்கிறவரின் உதடு அசைவதை, வெளியே இருக்கிற முந்நூறு பேரும் ஒரு சத்தமும் கேட்காமல் பார்ப்பார்கள்.

அது முதலில் நடந்தது கட்டிங் மாஸ்டர் அங்கமுத்துவுக்கு. பல வருஷத்துக்கு முன் மொபெட்டில் போகும்போது லாரி உரசி இடது கால் முறிந்து, சரியாகக் கூடாமல் போனதால் அவர் நொண்டி நொண்டித்தான் நடப்பார். கட்டிங் ஃப்ளோர் முழுவதற்கும் பொறுப்பாளராகும் இன்டர்வியூ நாளன்று, பல்லைக் கடித்துக்கொண்டு காலைச் சமன் செய்து கண்ணாடி அறைக்குள் போனார். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது, நாள் முழுக்க நிற்க முடியுமா என்று ஜி.எம். கேட்டதற்கு, ஒரு குறையும் இல்லீங்க என்று சொன்னார். வெளியே வரும்போது நேராக நடந்து வந்தார்.

செக்கிங் டேபிளில் நின்றிருந்த சரசாத்தா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிற பெண் அவள்.

"ஏனுங் மாஸ்டர், போறப்ப ஒரு காலு, வர்றப்ப ஒரு காலா?"

"காலு அதேதான் அம்மிணி. நொண்டிய உள்ளயே உட்டுட்டு வந்துட்டனாட்ட இருக்குது."

"கூட்டற ஆயா எடுத்துக் குப்பையில போட்டுரப் போறா, பாத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பையர் இன்ஸ்பெக்ஷன் என்றால் அவர்கள் காலம்காலமாகச் செய்து வருவது அதைத்தான். ஓட்டை விழுந்த பீஸ், கறை பட்ட பீஸ், தையல் ஓடிய பீஸ் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு கறுப்புக் கவரில் கட்டி டேபிளுக்கு அடியில் தள்ளி, அதன் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுவார்கள். பையர் பிரிக்கிற பெட்டியில் ஓட்டை இல்லையென்றால் அந்த ஆர்டரிலேயே ஓட்டை இல்லை, கப்பலேறிப் போய்விடும். துணிக்கு நடப்பது ஒருநாள் மனுஷனுக்கும் நடக்கத் தொடங்கியதை, மழை கொஞ்சம் முந்தி வந்ததைப் போலத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து பேக்கிங் செக்ஷன் தண்டபாணி. தனக்கு இங்கிலீஷ் வராது என்பதை அவன் மறைத்தான், இங்கிலீஷ் வந்தது. பையரோடு கை குலுக்கி மளமளவென்று பேசினான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவன் அம்மா சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் பேசுகிற தமிழ் விளங்கியது, அம்மா பேசுகிற தமிழ் மட்டும் விளங்கவில்லை. அவள் என்ன கேட்டாலும் மனைவியின் முகத்தைப் பார்ப்பான், மனைவி எடுத்துச் சொல்வாள், அப்புறம் பதில் சொல்வான். இதைக் கேட்டும் ஜனங்கள் சிரித்தார்கள். மாமியாரும் மருமகளும் இதனால் ஒற்றுமையாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

பிறகு ஊரே அதற்குத் தக்கபடி நடக்கத் தொடங்கியது. கம்பெனிக்கு எதிரே இருந்த பேக்கரியில், இன்டர்வியூவுக்குப் போகிறவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எதைச் சொல்வது, எதை விடுவது என்று டீ ஆறும் வரை யோசனை சொன்னார்கள். முதுகை நிமிர்த்து, சிரி, ஆனால் பல் தெரியச் சிரிக்காதே, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லாதே, கையைக் கட்டாதே, என்றார்கள். பைக் கண்ணாடியைப் பார்த்து இளவட்டங்கள் ஒத்திகை பார்த்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி, உள்ளே போகிறவர்களுக்கென்று தனியாக விபூதி மடித்துக் கொடுத்தார், அதை நாக்கில் வைத்துக்கொண்டு போனால் வேண்டாத வார்த்தை வெளியே வராது என்று நம்பினார்கள். நிர்வாகத்துக்கும் விஷயம் தெரியும். குறையில்லாத ஆட்கள் குறையில்லாமல் கிடைக்கும்போது அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்?

துளசிமணி அந்தக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றாள், சரசாத்தாவுக்குப் பக்கத்து இடம். ஒரு பனியனை விளக்குக்கு நேராகத் தூக்கி ஒருமுறை திருப்பினால் போதும், ஊசி முறிந்த இடம் எது, எண்ணெய் பட்ட இடம் எது என்று அவள் விரலுக்கே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு இத்தனை வருஷமாக பதவி உயர்வு வராததற்குக் காரணம் அவளுடைய மகள் மிருதுளா. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு வரும். வரும் முன் இடது கைச் சுண்டுவிரல் லேசாகத் துடிக்கும், கண் ஒருபக்கமாக ஏறும், அப்புறம் எங்கே நிற்கிறாளோ அங்கேயே விழுந்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் தெளிந்து எழும்போது யார் முகமும் அவளுக்கு அடையாளம் தெரியாது, துளசிமணியைத் தவிர. அப்பன் என்று ஒருவன் இருந்தான், ரெண்டு ஆஸ்பத்திரி பார்த்ததுமே வேறு ஊருக்கும் வேறு வீட்டுக்கும் போய்விட்டான்.

கம்பெனியில் டேபிளில் நிற்கிறவர்கள் செல்போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பள்ளியிலிருந்து போன் வந்தால் வாட்ச்மேன் எடுத்து, அவர் சூப்பர்வைசரிடம் சொல்லி, சூப்பர்வைசர் கை ஓய்ந்தபோது துளசிமணியிடம் சொல்லி, அவள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை யாரோ ஒரு டீச்சரின் மேஜைக்குக் கீழே தெளிந்து, மிரண்டு, யாரையும் தொடவிடாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். செக்கிங் முழுவதற்கும் பொறுப்பான க்யூ.சி. இன்சார்ஜ் ஆகிவிட்டால் போனைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கேட்காமலே வெளியே போகலாம். துளசிமணி அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்காகத்தான்.

இடம் காலியானதும் சரசாத்தா சொன்னாள்.

"உள்ள போயி வலிப்புன்னு மட்டும் வாயத் தொறக்காத. அடிக்கடி ஓடற பொம்பளைக்கு எவன் குடுப்பான்?"

"சொல்லாம உட்டா அது போயிருமாக்கா?"

சரசாத்தா கையிலிருந்த பனியனை மடிக்காமல் நின்றாள். அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"மாஸ்டருக்குப் போச்சே" என்றாள்.

அன்றிலிருந்து துளசிமணிக்கு வேறு நினைப்பே இல்லை. கோயமுத்தூர் டாக்டர்கள் எழுதிய மாத்திரைகளுக்கும், கட்டிய தாயத்துகளுக்கும் போகாதது, நாலு வார்த்தையைச் சொல்லாமல் விட்டால் போய்விடும். தண்டபாணியின் அம்மா நினைவுக்கு வந்தாள். அது அவன் விஷயம், அவன் முன்பே அம்மாவிடம் பெரிதாகப் பேசியவனில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழம்பு தாளிக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு பொண்ணுங்க, மூணாவது படிக்கறா, நல்லா இருக்கறா. எனக்கு ஒரு பொண்ணுங்க, மூணாவது படிக்கறா, நல்லா இருக்கறா.

சரசாத்தாவின் கல்யாணப் புடவையைக் கட்டி, முடியை இழுத்து வாரி, நாக்கில் விபூதியோடு அவள் கண்ணாடி அறைக்குள் போனாள். ஜி.எம். நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் எச்.ஆர். மேடம். எங்கே படித்தாள், எத்தனை வருஷ அனுபவம், லைனில் ரிஜெக்ஷன் கூடினால் என்ன செய்வாள் என்றெல்லாம் கேட்டார்கள், அவள் நிமிர்ந்து நின்று நிதானமாகச் சொன்னாள். அப்புறம் எச்.ஆர். மேடம் கேட்டாள்.

"அடிக்கடி பர்மிஷன்ல போறீங்களே துளசிமணி. குழந்தைக்கு ஏதோ உடம்புன்னு கேள்விப்பட்டேன்."

"இல்லீங்க மேடம். என்ற பொண்ணு நல்லா இருக்கறாளுங்க. அவளுக்கு ஒருநாளும் ஒண்ணும் வந்ததில்லீங்க."

சொல்லி முடித்ததும், பனியன் கழுத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் ஒரு நூலைப் பிடித்து உருவினால் அது எங்கோ உள்ளேயிருந்து நீளமாக, வழுவழுவென்று வருமே, அப்படி அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று உருவிக்கொண்டு போயிற்று. உடம்பு லேசாகிவிட்டது. அதை அவள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்சார்ஜ் பதவி கிடைத்துவிட்டது. சாயங்காலம் கையில் போனும் ஜிலேபிப் பொட்டலமுமாக வீட்டுக்கு வந்தாள். மிருதுளா வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், அவளைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

"வாங்க" என்றாள்.

அந்தப் பக்கத்தில் குழந்தைகள் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் சொல்லும், கீரைக்காரம்மாவைக்கூட. ஆனால் மிருதுளா அம்மாவை மட்டும் வா, போ, நீ என்பாள், கோபம் வந்தால் லூசு என்றும் சொல்லுவாள். துளசிமணி விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு ஜிலேபியை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். குழந்தை கையில் வாங்கிக்கொண்டது.

"தேங்க்ஸுங்க" என்றது.

வலிப்பு போய்விட்டது. அந்த வாரம் வரவில்லை, அந்த மாதம் வரவில்லை. மிருதுளா ஓடினாள், மரமேறினாள், பக்கத்து வீட்டு ராமாத்தாவின் மகனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தாள். கிணற்றுப் பக்கம் போகாதே, மாடிப்படி ஏறாதே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாத்திரை டப்பா காலியாகாமல் இருந்தது. தெருவில் எல்லோரும் துளசிமணியைக் கொண்டாடினார்கள். நோயுள்ள பிள்ளைகளைப் பெற்ற ரெண்டு பேர் எந்தக் கம்பெனி, எந்த அறை என்று விசாரித்து, அங்கேயே வேலைக்குச் சேர வழி கேட்டுப் போனார்கள்.

வீட்டுக்குள் மிருதுளா ஒரு விருந்தாளியைப் போல இருந்தாள். போட்டதைச் சாப்பிட்டு, நல்லா இருக்குதுங்க என்று சொல்லித் தட்டைக் கழுவி வைத்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கவில்லை. சடை பின்ன உட்கார்ந்தால் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டாள். பள்ளியில் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னபோது, எங்க வீட்ல ஒருத்தங்க இருக்காங்க, அவங்களக் கூட்டிட்டு வரட்டுங்களா மிஸ் என்று கேட்டிருக்கிறாள்.

துளசிமணிக்கோ பழைய பழக்கம் போகவில்லை. அவள் கண் எந்நேரமும் குழந்தையின் சுண்டுவிரலிலேயே இருந்தது. அது தண்ணீர் மொண்டால் பின்னாலேயே போய் நின்றாள், அடுப்புப் பக்கம் நடந்தால் குறுக்கே கை நீட்டினாள், விடுமுறை மத்தியானங்களில் அது தூங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து இமையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மிருதுளா கண்ணைத் திறந்தபோது, தன் முகத்துக்கு மேலே அந்த முகம் குனிந்திருப்பதைக் கண்டு வீறிட்டு எழுந்து ராமாத்தா வீட்டுக்கு ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது துளசிமணிக்குக் கேட்டது.

"அவங்க என்னையவே பாத்துட்டு இருக்காங்கக்கா. எதுக்குன்னே தெரியல. எனக்குப் பயமா இருக்குது."

"உங்கம்மாதான சாமி."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

அதற்குப் பிறகு குழந்தை வீட்டுப்பாடத்தை ராமாத்தா வீட்டில் எழுதியது, பிறகு அங்கேயே சாப்பிட்டது, பிறகு பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது.

இன்சார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த துளசிமணி ஒருநாள் அங்கமுத்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போவதைப் பார்த்தாள். அவர் நொண்டிக்கொண்டு போனார். எழுந்து பின்னாலேயே போனாள்.

"என்னங்க மாஸ்டர், மறுபடியும் காலு?"

"போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன் அம்மிணி" என்று அவர் டம்ளரைக் கழுவினார். "சின்னச்சாமின்னு என்ற கூட்டாளி ஒருத்தன், பெரியார் காலனில இருக்கறான். அன்னிக்கு ரோட்டுல கெடந்தவனத் தூக்கித் தோள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது அவன்தான். அதுக்கப்பறந்தான் எங்க சிநேகிதமே. காலு நேரானதுக்கப்பறம் ஒருநா பேக்கரில பக்கத்துல வந்து உக்காந்தான். கொஞ்சம் நவுந்து உக்காருங்கன்னான்."

"யாருன்னே தெரியலீங்களா?"

"எப்படித் தெரியும்? கால் ஒடியவே இல்லைன்னா அவன் என்னைய எங்க தூக்குனான்? ரெண்டும் ஒரே தையலு. ஒண்ண மட்டும் பிரிக்க முடியல." தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "வருஷ ரிவ்யூவுக்குக் கூப்புட்டாங்க பாரு, அப்பப் போயி அத்தனையும் சொல்லிட்டேன். நான் நொண்டிங்க, பொய் சொன்னனுங்கன்னு. பதவியப் புடுங்கிட்டு டேபிளுக்கு அனுப்பிட்டாங்க. கேட்டுக்கு வெளிய வந்தா சின்னச்சாமி வண்டிய வெச்சுட்டு நிக்கறான், என்னடா நொண்டி இவ்வளவு நேரம்ங்கறான்."

சரசாத்தா அந்தப் பக்கமிருந்து சொன்னாள். "பொழைக்கத் தெரியாத மனுசன். நேரான கால வளைச்சுட்டு வந்திருக்கறாரு, பெருமை வேற."

"உனக்கென்ன அம்மிணி, உன்ற வாய மறைக்கறதுக்கு எந்த ரூமும் பத்தாது" என்று சொல்லிவிட்டு அவர் நொண்டிக்கொண்டே போனார்.

துளசிமணி நாற்காலிக்குத் திரும்பினாள். வழி தெரிந்துவிட்டது, அதுதான் பயம். அங்கமுத்து கேட்டு வாங்கியது தன் காலில் வருகிற நோவை. அவள் கேட்டு வாங்க வேண்டியது குழந்தையின் தலையில் இறங்குகிற நோவை. மரமேறுகிற பிள்ளையைத் தரையில் விழ வைத்துத்தான் அம்மா என்று கூப்பிட வைக்க முடியுமென்றால், அப்படிக் கேட்கிறவள் அம்மாவா? கேட்காமலே விட்டுவிட்டால் மிருதுளா நன்றாக வளர்வாள், படிப்பாள், சைக்கிள் ஓட்டுவாள், ராமாத்தா சோறு போடுவாள், சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாள் என்பதுகூட ஒருநாள் அவளுக்கு மறந்துபோகும். நாட்கள் போயின. தீபாவளிக்கு முன் துளசிமணியின் பதவியை நிரந்தரமாக்கும் இன்டர்வியூ என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் அந்த அறைக்குள் கூப்பிடப் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ராமாத்தா வீட்டு வாசலில் போய், பக்கத்தில் போகாமல், தள்ளி உட்கார்ந்தாள். மிருதுளா புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். துளசிமணி எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி அறை, புடவை, தான் சொன்ன பொய், அது எதை எடுத்துக்கொண்டு போனது, திரும்பக் கேட்டால் என்ன வரும் என்பது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தை நிமிராமல் கேட்டது.

"விழுந்தா வலிக்குமுங்களா?"

"விழறப்ப உனக்குத் தெரியாது. எந்திரிச்சதுக்கப்பறம் வலிக்கும். ஒருக்கா நாக்கக் கடிச்சுட்ட."

"பயமா இருக்குமா?"

"இருக்கும் சாமி. ரொம்ப."

மிருதுளா ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "இப்ப உங்களப் பாத்தாலும் பயமாத்தான் இருக்குது. ரெண்டுல எது கொஞ்சம் பயம்?"

"எனக்குத் தெரியல" என்றாள் துளசிமணி. அது உண்மை, அதனால் வேறெதையும் அவளால் சொல்ல முடியவில்லை.

மிருதுளா கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கெட்ட கனவு வந்தா முழிச்சுக்கறனுங்க. யாரையாவது கூப்புடணும்னு இருக்கும். வாயத் தொறந்தா யாரு பேரும் வரமாட்டேங்குது. ராமாத்தாக்கா பேரும் வரல. அப்படியே வாயத் தொறந்துட்டு உக்காந்திருப்பேன்."

துளசிமணியின் கை நீண்டு, பாதியில் நின்று, திரும்பிவிட்டது.

"நீங்க போயிச் சொல்லுங்க" என்றது குழந்தை. "ஆனா நானும் வருவேன். நாம்பாட்டுக்கு எங்கியோ இருக்கறப்ப வந்துரக் கூடாது. எப்ப வருதுன்னு எனக்குத் தெரியணும்."

இன்டர்வியூ நாளன்று பள்ளி விடுமுறை. மிருதுளாவைச் சரசாத்தாவின் டேபிள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, துளசிமணி எப்போதும் கட்டுகிற வேலைப் புடவையோடு கண்ணாடி அறைக்குள் போனாள். முந்நூறு மிஷின்களின் சத்தம் கதவோடு நின்றது. கண்ணாடிக்கு வெளியே குழந்தை கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, சரசாத்தா கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டு.

எச்.ஆர். மேடம் சிரித்தாள். "உங்களைப் பத்தி நல்ல ரிப்போர்ட்தான் துளசிமணி. இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நீங்களே உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிருங்க."

"எனக்கு ஒரு பொண்ணுங்க" என்று அவள் ஆரம்பித்தாள். "பேரு மிருதுளா. அவளுக்கு வலிப்பு வருமுங்க."

ஜி.எம். நிமிர்ந்து பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. முதல் தடவை பஸ்ஸில் மடியில் வைத்தே வந்ததைச் சொன்னாள், ஓடும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தியதைச் சொன்னாள், கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்ததைச் சொன்னாள், போன் வந்த செய்தியைக் கேட்டுக் கையிலிருந்த பீஸை அப்படியே போட்டுவிட்டு ஓடியதைச் சொன்னாள், விடிய விடிய குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்து நின்றுகொண்டே தூங்கியதைச் சொன்னாள், அப்படித் தூங்கிய நாளில் ஓட்டைப் பீஸ்கள் தன் கையைத் தாண்டி கப்பலுக்குப் போனதையும் சொன்னாள். இனிமேலும் போன் வந்தால் ஓடுவேன் என்று சொன்னாள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் ஒவ்வொரு கல்லாக யாரோ நெஞ்சுக்குள் இறக்கி வைப்பது போல இருந்தது. போனதெல்லாம் திரும்பி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிருதுளா முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினாள். தலையைத் திருப்பினாள். அறைக்குள் நிற்கிற அம்மாவைப் பார்த்தாள், பார்த்த கண் அகன்றது, ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி கண்ணாடியை நோக்கி ரெண்டு எட்டு வைத்தாள். அவள் வாய் திறந்தது, உதடு சேர்ந்தது, மறுபடியும் திறந்தது. சத்தம் கேட்கவில்லை, துளசிமணிக்குக் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. அப்போது இடது கைச் சுண்டுவிரல் துடித்தது.

துளசிமணி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். மிஷின் சத்தம் மொத்தமாக முகத்தில் அறைந்தது. குழந்தையின் தலை சிமெண்டுத் தரையில் படுவதற்குள் அவள் உள்ளங்கை அதற்குக் கீழே போய்விட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து குழந்தையின் கையில் திணித்தார்கள், அவள் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள். பக்கத்து மிஷின் நின்றது, அடுத்த மிஷின் நின்றது, வரிசை வரிசையாக நின்றுகொண்டே போய், கரண்ட் இருக்கும்போதே அந்தக் கம்பெனி அமைதியானது.

வலிப்பு நிற்கவில்லை. ஒன்று ஓய்வது போல இருந்து அடுத்தது வந்தது, அது ஓய்வது போல இருந்து அடுத்தது வந்தது. வராமல் விட்ட மாதங்களெல்லாம் எங்கேயோ ஒரு கறுப்புக் கவருக்குள் கட்டிக் கிடந்து இப்போது அவிழ்ந்துவிட்டதைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சின்ன உடம்பை உலுக்கியது. அங்கமுத்து நொண்டிக்கொண்டே ஓடி, வேன் சொல்லப் போனார். சரசாத்தாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளுக்கு வார்த்தை வராததை அந்தக் கம்பெனி அன்றுதான் பார்த்தது. நானே கூப்பிட்டேன், நானே வாயால் கூப்பிட்டேன் என்று துளசிமணிக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது, அவள் கை மட்டும் தலைக்குக் கீழிருந்து அசையவில்லை.

கண்ணாடி அறையின் கதவைத் திறந்து எச்.ஆர். மேடம் அடுத்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தாள். அயர்னிங் செக்ஷன் பையன் ஒருவன், தலை வாரி, புதுச் சட்டை போட்டு, நாக்கில் விபூதியோடு காத்திருந்தவன். அவன் எழுந்திருக்கவில்லை. மேடம் மறுபடியும் தலையசைத்தாள். அவன் விபூதியைக் கையில் துப்பி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கடைசியாக ஒன்று வந்து, குறைந்து, விரல் நுனிக்குப் போய், நின்றது. வேன் கேட்டுக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. மிருதுளா கண்ணைத் திறந்தாள். குனிந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். சரசாத்தாவின் முகத்தில் நிற்கவில்லை, வாட்ச்மேன் முகத்தில் நிற்கவில்லை. தனக்கு மேலே குனிந்திருந்த முகத்துக்கு வந்ததும் நின்றாள்.

"நீ ஏம்மா இப்படி நடுங்கற?"

துளசிமணி அவள் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். "பயமா இருக்குது சாமி."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, மிருதுளா அவள் கட்டைவிரலை எட்டிப் பிடித்து, வேனில் தூக்கி ஏற்றும்போதும் விடாமல் இறுக்கிக்கொண்டாள்.